நின்றால் நிற்கிற வண்டி

மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52: பதிவுச் சான்றில் கண்ட விவரங்களுக்கு மாறாக யாரும் தன் வாகனத்தை மாற்றி அமைக்கக் கூடாது. உடல் ஊனமுற்றவருக்கு மட்டும் அதில் ஒரு சலுகை உண்டு. அவர் தன் வண்டியைத் தனக்குத் தோதாக மாற்றிக்கொண்டு, பதிவு அதிகாரியின் ஒப்புதலைப் பின்னர் பெறலாம். முதலில் மாற்றம், பிறகு ஒப்புதல். அரசாங்கம் இப்படித் தலைகீழாக யோசித்து ஒருவருக்கு நன்மை செய்த இடங்கள் சொற்பம். முப்பத்து நான்கு வருடம் வாகனப் பதிவுத் தாள்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவன் நான். வேறொரு மாவட்டத்தில் எழுத்தராகச் சேர்ந்து, கண்காணிப்பாளராக ஓய்வுபெற்றேன். அந்த வாக்கியத்தின் அருமை எனக்குத் தெரியும். என் விஷயத்தில் அது வேலை செய்யாமல் பார்த்துக்கொண்டவனும் நானேதான்.

ஓய்வுபெற்று செஞ்சிக்குத் திரும்பிய இரண்டாம் வருடம், சர்க்கரை நோய் என் இடது காலை எடுத்துக்கொண்டது. முதலில் சுண்டுவிரல், பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே எல்லாமும். மேல்முறையீட்டுக்கு மேல்முறையீடு, ஒவ்வொன்றிலும் எனக்கு எதிராகவே தீர்ப்பு. செயற்கைக் கால் ஒன்று வாங்கினோம். போட்டால் புண் ஆகிறது. அதனால் அது பீரோவுக்குப் பக்கத்தில் காலுறை மாட்டிக்கொண்டு நிற்கிறது. நான் தாங்குகட்டையில் நடக்கிறேன், வீட்டுக்குள் மட்டும்.

வெளியே போக ஆட்டோ. ஆட்டோக்காரர் நல்ல மனிதர். என் இரண்டு அக்குளிலும் கைகொடுத்துத் தூக்கி உள்ளே வைப்பார். வைத்துவிட்டு, "சார் வெயிட்டே இல்ல சார், பஞ்சு மாதிரி இருக்குறீங்க" என்று ஆறுதலும் சொல்வார். அந்த நேரம் என் மனைவி என்னைப் பார்க்க மாட்டாள். எதிர்வீட்டில் யாராவது பார்க்கிறார்களா என்று பார்ப்பாள். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். யாருடைய கையும் என் அக்குளில் படாமல் வாசலைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்ப வேண்டும். மருத்துவமனைக்கோ, சலூனுக்கோ, சும்மா கோட்டை அடிவாரம் வரைக்குமோ, எங்கே என்பது முக்கியமில்லை.

என் பழைய ஸ்கூட்டர் கொட்டகையில் தூசி படிந்து நின்றது. திருவண்ணாமலை ரோட்டில் மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். சிறு வயதிலேயே இளம்பிள்ளைவாதம் வந்து இரண்டு காலும் சூம்பியவர். பக்கச் சக்கரம் பொருத்துவதில் இந்தச் சுற்றுவட்டாரத்தில் அவரை விட்டால் ஆளில்லை. தன்னுடைய மூன்று சக்கர வண்டியில் வந்து என் ஸ்கூட்டரைப் பார்த்தார், ஆள் வைத்து எடுத்துப் போனார், மூன்றாம் நாள் கொண்டுவந்து நிறுத்தினார். பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு சின்னச் சக்கரங்கள். முதுகு சாய ஒரு தட்டு. தாங்குகட்டையைச் செருகி வைக்க பி.வி.சி. குழாய் ஒன்று. ஊரில் இதை மூன்று சக்கர வண்டி என்கிறார்கள். எண்ணிப் பார்த்தால் நான்கு. பதிவுச் சான்றின்படி அன்றைக்கும் அது இரண்டுதான்.

"ஏறு சார், ஒரு ரவுண்டு போயிட்டு வா" என்றார் மெக்கானிக்.

"ஒப்புதல் வரட்டும். பதிவுச் சான்றில் ஏறாத வரைக்கும் இன்சூரன்ஸ் செல்லாது."

"அதுக்கு இன்னா சார். ஒரு வெள்ளப் பேப்பர்ல எழுது. கால் போயிடுச்சி, வீல் வெச்சிருக்குறேன், பாத்துட்டு சீல் போடுங்கன்னு. வண்டிய அவங்க ஆபீஸாண்ட ஓட்டினு போ. வெளிய வந்து பாப்பாரு, போட்டுடுவாரு. நம்ம ஆளுங்க அல்லாரும் அப்படித்தான் வாங்குனாங்க."

நான் சிரித்தேன். வெள்ளைத் தாளில் விண்ணப்பம் எழுதுபவர்களைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. அன்றைக்கு மாலை உட்கார்ந்து நான்கு பக்கம் தட்டச்சு செய்தேன். பார்வை என்கிற மேற்கோள் பட்டியல் ஒன்று முதல் ஐந்து வரை. இணைப்பு ஒன்று முதல் ஒன்பது வரை. ஒவ்வோர் இணைப்புக்கும் ஓரத்தில் நிறத்தாள் ஒட்டினேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, ஆறாவது பத்தியைத் தவிர. அதில் இப்படி எழுதியிருந்தேன்: "மேற்கண்ட பிரிவில் 'பின்னர்' என்பதற்குக் கால வரம்பு குறிப்பிடப்படாததால், இடைப்பட்ட காலத்தில் வாகனத்தைச் சாலையில் இயக்கலாமா என்பது குறித்துத் தெளிவுரை வழங்கவும் வேண்டுகிறேன்."

விண்ணப்பத்தில் கேள்வி கேட்கக் கூடாது. அலுவலகத்தில் முதல் வருடம் கற்கிற பாடம் இது. வேண்டுகிறேன் என்று முடியும் தாளுக்கு அங்கேயே முத்திரை வைக்கலாம். தெளிவுரை கேட்கும் தாளுக்கு யார் வைப்பது? அதைத் தெளிவுபடுத்தும் அதிகாரம் உள்ளவருக்குத்தான் அனுப்ப வேண்டும். அவர் மேலே இருக்கிறார். அவருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார். இதெல்லாம் தெரிந்தே அந்தப் பத்தியை எழுதினேன். எழுதி முடித்தபோது நன்றாக எழுதியிருக்கிறோம் என்று மகிழ்ச்சியாகக்கூட இருந்தது. விண்ணப்பத்தின் நகலைக் கோப்பில் வைத்து, ஸ்கூட்டர் சாவியையும் அதன் நாடாவில் கட்டி பீரோவில் பூட்டினேன். அது பங்குனி மாதம்.

இரண்டு வாரத்தில் பதில் வந்தது, ஒரு வரியில். தங்கள் மனு தெளிவுரை வேண்டி மேலிடத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது.

என் மனைவி அதை வாங்கிப் படித்தாள். பிறகு என் நான்கு பக்கத்தையும் எடுத்துப் படித்தாள். முப்பது வருடம் என் பேச்சைக் கேட்டதில் அவளுக்கும் கோப்பு படிக்க வரும்.

"ஏங்க, இந்தக் கடுதாசி நீங்க சீட்டுல இருக்கும்போது உங்ககிட்ட வந்திருந்தா இன்னா பண்ணியிருப்பீங்க?"

"மேலே அனுப்பியிருப்பேன்."

தாள்களைப் பழையபடி மடித்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

பேருந்து நிலையத்துக்கு வெளியே ஒரு டீக்கடை இருக்கிறது. காலை பத்து மணிக்கு மூன்று சக்கர வண்டிக்காரர்கள் அங்கே கூடுவார்கள், ஆறு பேர், சில நாள் ஏழு. மெக்கானிக் கடை திறக்கும் முன் வருவார். சிங்கவரத்திலிருந்து தையல்காரப் பெண் ஒருத்தி வருவாள். கடைத்தெருவில் ஒரு மாடிப்படிக்கு அடியில் மெஷின் போட்டு ரவிக்கை தைக்கிறவள். வண்டி அவளுக்கு அரசாங்கம் கொடுத்தது. மெக்கானிக் என்னையும் வரச் சொன்னார். வண்டியில் வர முடியாவிட்டால் என்ன, ஆட்டோவில் வா என்றார். போனேன்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. யாரும் வண்டியை விட்டு இறங்குவதில்லை. டீ வண்டிக்கு வரும். பேப்பரும் வண்டிக்கு வரும். வண்டிகளை அடுக்கி நிறுத்துவதிலும் ஒரு முறை வைத்திருந்தார்கள். இந்த வண்டிக்குப் பின்னால் போகிற கியர் கிடையாது. இரு சக்கர வண்டியானால் காலை ஊன்றி உந்தித் தள்ளிவிடலாம், இவர்களுக்கு அது ஆகாது. ஆகவே கிளம்புகிறவர் பக்கத்து வண்டியின் சாய்மானத்தில் இரண்டு தட்டுத் தட்டுவார். பக்கத்து வண்டிக்காரர் உட்கார்ந்தபடியே கையை நீட்டி, இவருடைய வண்டியின் பின் கம்பியைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிடுவார். கால் உள்ள யாரையும் கூப்பிட மாட்டார்கள். டீக்கடைக்காரர் ஒருமுறை தள்ளிவிட வந்தபோது, "நீ போயி பால காய்ச்சு" என்று மூன்று பேர் ஒரே குரலில் சொன்னதை என் காதால் கேட்டேன்.

எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போடுவார்கள். வட்டத்துக்கு நடுவில் அத்தனை பேருக்கும் கீழே, எல்லாருடைய ஹேண்டில்பாரையும் அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன்.

"சார் ஆர்டர் வந்துடுச்சா?" என்று தினமும் கேட்பாள் தையல்காரப் பெண்.

"பரிசீலனையில் இருக்கிறது."

"பரிசீலன யாரு சார்? லேடீஸா? வயசுப் பொண்ணா இருந்தா சட்டுனு முடிச்சிடும்."

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். முதல் நினைவூட்டு வைகாசியில் அனுப்பினேன், இரண்டாவது ஆடியில். மூன்றாவது நினைவூட்டுடன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவும் போட்டேன். கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்ற தகவல் வந்தது. அந்த மேசைக்கு உரியவர் பயிற்சிக்குப் போயிருந்தார். குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. நான் பயிற்சிக்குப் போன நாட்களிலும் யாரோ ஒருவர் எங்கோ ஒரு கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்திருப்பார்.

ஒருநாள் பேச்சுவாக்கில் தையல்காரப் பெண்ணைக் கேட்டேன். "இந்த வண்டியில் அப்படி என்னம்மா இருக்கிறது? உன் வண்டியை நீ துடைப்பதைப் பார்த்தால் பசு மாட்டைக் குளிப்பாட்டுகிற மாதிரி இருக்கிறது."

"நின்னா நிக்குது சார். அது போதாதா?"

புரியவில்லை என்று என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"ஊர்ல இருக்குற அத்தினி வண்டியும் நின்னா காலக் கேக்கும் சார். இது ஒண்ணுதான் கேக்காது." டீயை ஒரு வாய் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள். "அப்புறம், நூல் கடைக்குப் போறேன். ரெண்டு ஹாரன் அடிச்சா கடைக்காரரே பெட்டிய எடுத்துனு வெளிய வந்துடுவாரு. முன்னல்லாம் படி ஏறத்துக்குள்ள 'பாத்து, பாத்து'ன்னு நாலு பேரு கத்துவாங்க. நடந்து போனா என் கால பாப்பாங்க. வண்டியில போனா நான் அவங்க கால பாக்குறேன், மேல ஏத்திடப் போறோமேன்னு."

"இன்னொண்ணு விட்டுட்டியே" என்றார் மெக்கானிக். "எவனும் எரவல் கேக்க மாட்டான். என் மச்சான் என் வாட்ச்சு, சட்ட, செல்லு, அல்லாத்தையும் வாங்கினு போயிருக்கான். இந்த வண்டியக் கேட்டதே இல்ல."

"கேட்டா குடுத்துடுவியா?" என்றாள் தையல்காரப் பெண்.

"மவன, அவன் கால ஒடச்சி ஏத்தி வுட்டுடுவேன்."

அலுவலகத்தில் இந்த வண்டிகளைப் பற்றி நூற்றுக்கணக்கான தாள்கள் என் கையால் கடந்திருக்கின்றன. மாற்றம் செய்யப்பட்டதன் நோக்கம் என்று ஒரு கட்டம் இருக்கும். எல்லாரும் 'சொந்த உபயோகம்' என்றே எழுதியிருப்பார்கள். நானும் அப்படித்தான் எழுதியிருந்தேன்.

ஐப்பசி வந்தது. ஒரு காலை, ராஜகிரி மலைப் பக்கம் வானம் கறுத்து, டீ வருவதற்குள் மழை இறங்கிவிட்டது. அது தூறி எச்சரித்துவிட்டு வருகிற மழை இல்லை. சாய்மானங்களில் படபடவென்று தட்டுகிற சத்தம் கேட்டது. ஒருவர் இன்னொருவரை இழுத்துவிட, அவர் அடுத்தவரை இழுத்துவிட, கடைசி வண்டி தானாக வெளியே திரும்ப, நான் அண்ணாந்து பார்ப்பதற்குள் ஏழு வண்டிகளும் கிளம்பிவிட்டன. "சார், ஆட்டோக்கு போன் போடு சார்!" என்று மெக்கானிக் கத்தியது மழையில் பாதிதான் கேட்டது.

வட்டம் இருந்த இடத்தில் நானும் நாற்காலியும் இருந்தோம்.

டீக்கடைக்காரரும் பஜ்ஜி போடுகிறவரும் ஓடி வந்து என்னை நாற்காலியோடு தூக்கினார்கள். கடைக்குள் சிலிண்டருக்கும் தண்ணீர் டிரம்முக்கும் நடுவில் இறக்கி வைத்துவிட்டு வியாபாரத்தைப் பார்க்கப் போனார்கள். ஆட்டோக்காரர் பள்ளிக்கூடச் சவாரியில் இருந்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கே உட்கார்ந்திருந்தேன். மழைக்கு ஒதுங்கியவர்கள் உள்ளே வந்தபோதெல்லாம் டீக்கடைக்காரர், "சார இடிக்காத, சார இடிக்காத" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மேல்மலையனூருக்குப் போகிற ஓர் அம்மாள் தன் பூக்கூடையை என் மடியில் வைத்து, "கொஞ்சம் புடிச்சுக்கோப்பா" என்றுவிட்டு டீ வாங்கினாள். பிடித்துக்கொண்டேன். வேறு வேலை எனக்கு இல்லை.

மறுநாள் காலை பீரோவைத் திறந்து கோப்பை எடுத்தேன். நாடாவின் முடிச்சு இறுகியிருந்தது. பல்லால்தான் அவிழ்க்க முடிந்தது. மனைவி வாசற்படியில் கோலமாவுக் கிண்ணத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆர்டர் வந்துடுச்சா?"

"இல்லை."

"இன்சூரன்ஸு?"

"செல்லாது."

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய் கேட்டின் இரண்டு கதவுகளையும் திறந்து விட்டாள். ஒரு கதவு போதாது என்பதை அவளே அளந்து வைத்திருந்தாள் போலிருக்கிறது.

பிரிவு 52-ஐ மீறினேனா என்று கேட்டால், இல்லை என்று வாதாட முடியும். காப்பீடு இல்லாத வண்டியைச் சாலையில் இயக்கியதற்கு வாதமே கிடையாது. அதற்கான பிரிவும் தண்டனையும் எனக்கு மனப்பாடம். அவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே தெருமுனை வரை போனேன். முதல் திருப்பத்தில் பழைய பழக்கத்தில் உடம்பைச் சாய்த்தேன். இந்த வண்டி சாயாது. நான் மட்டும் சாய்ந்து, வண்டி நேராகச் சாக்கடைப் பக்கம் போனது. ஹேண்டில்பாரைத் திருப்பத்தான் வேண்டும் என்று புரிய அரை நொடி பிடித்தது. அதற்குப் பிறகு சிரமம் இல்லை. கடைத்தெருவைக் கடந்தேன். சிறு வயதிலிருந்து பார்த்த கடைத்தெருதான். ஆட்டோவில் உட்கார்ந்தால் ஒரு பக்கம்தான் தெரியும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

செட்டிகுளத்துக்கு வந்து, தண்ணீரைப் பார்க்கலாம் என்று கரைச் சுவர் வரை ஓட்டிப்போய் நிறுத்தினேன். வண்டி நின்றது. நான் எதையும் ஊன்றவில்லை. குளம் நிரம்பியிருந்தது. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. கிளம்பலாம் என்று சாவியைத் திருப்பியபோதுதான் முன் சக்கரம் சுவரை முட்டிக்கொண்டு நிற்பதைக் கவனித்தேன். பின்னால் போக வழி இல்லை. திருப்ப இடமில்லை. தட்டுவதற்குப் பக்கத்தில் சாய்மானமும் இல்லை.

குளத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆட்களைக் கூப்பிட்டிருக்கலாம், துணி துவைக்க வந்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். கூப்பிடவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து, தெரிந்த ஹாரன் சத்தம் இரண்டு முறை கேட்டது. தையல்காரப் பெண். சிங்கவரத்திலிருந்து கடைக்குப் போகிற வழியில் என் முதுகைப் பார்த்திருக்கிறாள்.

"இன்னா சார், மூக்க கொண்டு போயி செவுத்துல வெச்சினு தவமா?"

"தண்ணி பார்க்கலாம்னு..."

"மொத நாளு அல்லாரும் இத்தத்தான் பண்ணுவாங்க. நான் ரேஷன் கடையில மாட்டிக்கினேன். நம்ம மெக்கானிக்கு அவரு மாமியார் வூட்டுல." தன் வண்டியை என் வண்டிக்குப் பின்னால் கொஞ்சம் குறுக்காகக் கொண்டுவந்து நிறுத்தி, கையை நீட்டிப் பின் கம்பியைப் பிடித்தாள். தையல் மெஷினோடு பழகிய கை. ஒரே இழுப்பில் நான் ரோட்டுக்கு வந்துவிட்டேன். "ஆர்டர் வந்துடுச்சா சார்?"

"இல்லம்மா."

"அப்ப போலீஸ் புடிச்சா இன்னா சொல்லுவ?"

"சட்டம் சொல்வேன்."

"அய்யய்யோ, அத்த மட்டும் சொல்லிடாத சார். கால காட்டு, வுட்டுடுவாங்க."

அன்றிலிருந்து தினமும் போனேன். ஒவ்வொரு நாளும் குற்றம் என்று தெரிந்தேதான். பத்து மணிக்கு டீக்கடை வட்டத்தில் எனக்கும் ஓர் இடம் ஒதுக்கினார்கள், மெக்கானிக்கின் வண்டிக்கும் பேருந்து நிலையச் சுவருக்கும் நடுவில். நாற்காலியை டீக்கடைக்காரர் உள்ளே எடுத்துப் போட்டுவிட்டார். என்னை யாரும் நிறுத்தி எதுவும் கேட்கவில்லை. கேட்டால் எடுத்து நீட்டக் கோப்பு முழுவதையும் இருக்கைக்கு அடியில் வைத்திருந்தேன். ஆட்டோக்காரரைக் கடைத்தெருவில் பார்ப்பதுண்டு. "இன்னா சார் நம்மள மறந்துட்டீங்க" என்பார். அவர் வருத்தம் உண்மைதான் என்று நினைக்கிறேன்.

ஆனாலும் அலுப்பு போகவில்லை. பத்து மாதம் ஒரு தாளுக்காகக் காத்திருந்த அலுப்பு, வண்டி ஓட்டினால் போய்விடுகிற அலுப்பு இல்லை. இரவு படுத்தால், இன்றைக்கு யாரையாவது இடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு முழு வழக்கை எழுதி, விசாரித்து, எனக்கு எதிராகத் தீர்ப்பும் சொல்லிவிட்டுத்தான் தூங்குவேன். நான்காவது நினைவூட்டை எழுத எடுத்து, கிழித்துப் போட்டேன். அந்த ஆறாவது பத்தியை யாராவது கிழித்துப் போட்டிருக்கலாம்.

பொங்கல் முடிந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். தபால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார்.

"வூட்டுக்குப் போனேன் சார். அம்மா இங்க இருப்பீங்கன்னு சொன்னாங்க. கையெழுத்து போட்டுத்தான் வாங்கணும்."

அரசு முத்திரை இட்ட உறை. மெக்கானிக் டீயைக் கீழே வைத்தார். "படி சார், படி" என்றாள் தையல்காரப் பெண். தபால்காரரும் போகாமல் நின்றார்.

படித்தேன். பார்வை ஒன்று முதல் ஏழு வரை. நான் எழுதிய ஐந்தும், அவர்கள் எழுதிக்கொண்ட இரண்டும். பிறகு ஒரே பத்தி. சட்டப் பிரிவிலேயே தெளிவாக உள்ளபடியால் மனுதாரர் கோரும் தெளிவுரை அவசியமற்றது. மனுதாரர் மாற்றம் செய்யப்பட்ட வாகனத்தைத் தொடர்புடைய அலுவலகத்துக்கு நேரில் ஓட்டி வந்து, பார்வையிடச் செய்து, ஒப்புதல் பெற்றுக்கொள்ளலாம்.

"இத்தத்தானே நான் மொத நாளே சொன்னேன்" என்றார் மெக்கானிக்.

"சொன்ன."

"நான் சொன்னா சீல் இல்ல, இல்ல சார்?"

தையல்காரப் பெண் என் முழங்கையைத் தட்டி, "எப்ப சார் போறோம்?" என்றாள். போறோம் என்றுதான் சொன்னாள். நாளைக் காலை என்றேன். தபால்காரர் ஒப்புகை அட்டையை நீட்டினார். அதை ஹேண்டில்பாருக்கு நடுவில் வைத்து, பழக்கத்தின்படி முதலில் கையெழுத்து, அதன் கீழே பெயர், அதன் கீழே தேதி என்று எழுதினேன்: ஜனவரி இருபத்திரண்டு.